கடைசியாக அமுக்கியவர்

உயிரோடு இருந்த ஒரு மனிதரை நான் எழுதின மென்பொருள் இரண்டாவது தடவை சாகடித்தது. முதல் தடவை செய்தது நிருபர்.

அது ஒரு செய்தித் தளம், பெயர் வேண்டாம். விபத்துச் செய்தி ஒன்றில் இறந்தவர்கள் பட்டியலில் ஒரு பெயர் தவறு, அவர் மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்தார். இரவுப் பணியில் இருந்த உதவி ஆசிரியர் 9.10 மணிக்கு அந்தப் பெயரை நீக்கினார். செய்தி ஆசிரியரோ தன் வீட்டில் 9 மணிக்கே அதே பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். தலைப்பில் ஒரு சொல்லை மாற்றிவிட்டு 9.20-க்கு 'அப்டேட்' அமுக்கினார். அவர் திரையில் இருந்தது ஒன்பது மணிப் பக்கம். அது அப்படியே போய் ஏறி உட்கார்ந்துகொண்டது. நீக்கின பெயர் திரும்பி வந்தது. காலையில் குடும்பத்திலிருந்து போன். மெமோ அந்த உதவி ஆசிரியருக்கு.

எங்கள் தொழிலில் இதற்கு 'லாஸ்ட் அப்டேட்' என்று பெயர். கல்லூரியில் டேட்டாபேஸ் பாடத்தில் பரீட்சைக்குப் படித்ததுதான். படித்தேன், எழுதினேன், மறந்தேன்.

அடுத்த வாரக் கூட்டத்தில் தீர்வு சொன்னார்கள்: "பூட்டு போட்டுடுங்க." ஒருவர் திறந்தால் இன்னொருவர் திருத்த முடியாது. போட்டேன். அதன்பிறகு அலுவலக வாட்ஸப் குழுவில் நாள் முழுக்க ஒரே குரல்: "யாருங்க உள்ள இருக்கீங்க? கொஞ்சம் வெளிய வாங்க." உள்ளே இருந்தவர் டீ குடிக்கப் போயிருப்பார், இல்லையென்றால் டேபை மூடாமல் வீட்டுக்கே போயிருப்பார். பூட்டை உடைக்க ஒரு பொத்தான் கேட்டார்கள். அதையும் வைத்தேன், ஆசிரியர்களுக்கு மட்டும். அதாவது பழைய கோளாறுக்கே அதிகாரபூர்வமான பொத்தான். முன்பு தெரியாமல் மேலே எழுதினவர் இப்போது தெரிந்தே எழுதினார். வேர்ட்பிரஸிலும் 2013-இல் வந்த 3.6 பதிப்பிலிருந்து இப்படிப் பக்கத்தைக் கைப்பற்றலாம். அங்கே வெளியேற்றப்பட்டவர் எழுதினதையாவது ஒரு பிரதியாகச் சேமித்து வைக்கிறார்கள். நான் அதுகூடச் செய்யவில்லை.

என் கோபம் பூட்டின் மேல் இல்லை. பூட்டு வேண்டாம் என்று நாங்கள் நாற்பது வருடத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டோம், எங்களுக்கு மட்டும்! 1982-இல் வால்டர் டிச்சி எழுதிய ஆர்.சி.எஸ். பூட்டை நம்பியது. ஆம்ஸ்டர்டாமில் டிக் க்ரூன் என்ற ஆசிரியர் இரண்டு மாணவர்களோடு ஒரு கம்பைலர் எழுதிக்கொண்டிருந்தார். மூன்று பேருக்கும் வேலை நேரம் ஒத்துவரவில்லை. ஒருவர் பூட்டிவிட்டுப் போனால் மற்றவர் என்ன செய்வார்? அந்த எரிச்சலிலிருந்து பிறந்தது சி.வி.எஸ். எல்லாரும் எழுதுங்கள், மோதினால் உட்கார்ந்து பார்த்துத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. இன்றைய கிட் வரை அந்த வழிதான். எங்கள் நிரலைப் பூட்டி வைத்தால் ஒரே நாளில் ரகளை செய்வோம். ஆனால் செய்தி அறைக்குப் பூட்டைக் கட்டி விற்போம். ஏன் என்று கேட்டால், "அவங்களுக்கு ரெண்டு பதிப்பை ஒப்பிட்டுப் பாக்கல்லாம் வராது சார்." நானே சொல்லியிருக்கிறேன். புரூஃப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவர்களைப் பற்றி! விக்கிப்பீடியாவில் இரண்டு பேர் மோதினால் இரண்டு வடிவத்தையும் காட்டி நீங்களே சரிசெய்யுங்கள் என்கிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003-லிருந்து இருக்கிறது. அங்கே எழுதுகிற பள்ளி ஆசிரியர்கள் யாரும் பி.இ. படித்துவிட்டு வரவில்லை.

"கூகுள் டாக்ஸ் மாதிரி பண்ணிடலாமே" என்பார்கள். இறந்தவர் 12 பேர் என்று இருக்கிறது. ஒருவர் 2-ஐ அழித்து 3 போடுகிறார், அதே நொடியில் இன்னொருவர் 2-ஐ அழித்து 4 போடுகிறார். இயந்திரம் இருவரையும் மதித்து 134 என்று சேர்த்து வைக்கலாம். எழுத்துகள் மோதவில்லை, சேதி நாசம். 13-ஆ 14-ஆ என்பதை இரண்டு மனிதர்கள் பேசித்தான் முடிக்க முடியும்.

அவர்களைப் பேச வைக்கிற வேலை ஒன்றும் பெரிதில்லை. பக்கத்தைத் திறக்கும்போது அதன் பதிப்பு எண்ணையும் கூடவே அனுப்ப வேண்டும். சேமிக்கும்போது அதே எண்தானா என்று பார்க்க வேண்டும். மாறியிருந்தால் சேமிக்காமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்ட வேண்டும், யார் எப்போது மாற்றினார் என்ற விவரத்தோடு. தட்டச்சு செய்ததைத் தொலைக்கக் கூடாது, அது முக்கியம். சில மென்பொருள்கள் "வேறொருவர் மாற்றிவிட்டார், சேமிக்க முடியாது" என்று கதவைச் சாத்திவிடும், அது போதாது. இணையத்தின் சொந்த மொழியான எச்.டி.டி.பி.யிலேயே இதற்கு வசதி உண்டு. 'நான் பார்த்த பதிப்பு இன்னும் மாறவில்லை என்றால் மட்டும் சேமி' என்று கேட்கலாம், மாறியிருந்தால் 412 என்று பதில் வரும். 1997-இல் எழுதி வைத்த விதி. நான் அப்போது தொடக்கப் பள்ளியில் இருந்தேன்.

மெமோ போய் மூன்று நாள் கழித்து சர்வர் லாகைத் தோண்டினேன். 9.10-க்கு அவர் சேமித்தது இருந்தது. 9.20-க்கு யார் சேமித்தார் என்பதும் இருந்தது. மேலாளரிடம் காட்டினேன். "சரி, அதான் பூட்டு போட்டாச்சே" என்றார். அவர் மெமோவைத் திரும்ப வாங்கவில்லை, நானும் இரண்டாவது முறை கேட்கவில்லை. அந்த உதவி ஆசிரியரிடம் இதைச் சொல்ல எனக்கு இன்னும் நாலு மாதம் ஆனது. அதற்குள் அவர் வேறு வேலைக்குப் போயிருந்தார். போனில் கேட்டுவிட்டு, "நான்தான் அழிக்க மறந்துட்டேனோன்னு நெனச்சுட்டே இருந்தேன்" என்றார்.