குபேரனும் சம்பளச் சிட்டையும்

போன ஞாயிறு லாச்சப்பலுக்கு மரக்கறி வாங்கப் போயிருந்தேன். கடையில் காசு கொடுக்கிற இடத்தில், ஊருக்குக் காசு அனுப்புகிற விளம்பரத்துக்கும் கலியாண மண்டப விளம்பரத்துக்கும் நடுவில் ஒரு மஞ்சள் துண்டு கிடந்தது. "செல்வ மனநிலையை உருவாக்குங்கள்! பிரபஞ்சம் உங்களுக்குத் தரக் காத்திருக்கிறது!" ஒருநாள் பயிலரங்காம். 180 யூரோ, மத்தியானச் சாப்பாடும் சேர்த்து. மேலே மகாலட்சுமி படம், கீழே சிரிக்கிற குபேரன் படம். (அந்தச் சிரிக்கிற தொந்திக்காரர் குபேரனே இல்லை, சீனத்துப் புத்த துறவி ஒருவர். அது வேறு கதை.) கடைக்காரத் தம்பி "எடுத்துக்கொண்டு போங்கோ அண்ணை, நல்ல புரோகிராமாம்" என்றான். மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தேன். வீட்டுக்கு வரும் வரைக்கும் வேறு யோசனை ஓடவில்லை.

ஏனென்றால் நானும் ஒருகாலம் இப்படியொரு மண்டபத்தில் முன்வரிசையில் இருந்தவன்.

2006 ஓகஸ்ட்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்டபோது நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம், மூன்றாம் வருசம். படிப்பு அதோடு நின்றது. 2008 இல் பாரிஸ். வந்த மூன்றாம் கிழமை ஓர் உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கினேன். அகதி விண்ணப்பம் ஓப்ராவிலும் நிராகரிப்பு, மேன்முறையீட்டிலும் நிராகரிப்பு. 2013 இல் எனக்கு 33 வயது. விசா இல்லை. கைக்கு வருவது மாதம் 1100 யூரோவைச் சுற்றி. அதில் அறை வாடகை, சீட்டுக்காசு, ஊரில் அம்மாவுக்கு, ஏஜென்சிக்குக் கட்ட வாங்கின கடனின் வட்டி. வாசிக்கிற உங்களில் பாதிப்பேருக்கு இந்தக் கணக்கு பாடமாக இருக்கும்.

அப்படிப்பட்ட ஒருவனிடம் வந்து "உன்னட்டைக் காசு இல்லாததுக்குக் காரணம் உன்ர எண்ணம்தான்" என்று சொன்னால் கோபம்தானே வரவேண்டும்? எனக்கு வரவில்லை. சந்தோசம் வந்தது. பிரபெக்சரை மாற்ற என்னால் ஏலாது, முதலாளியை மாற்ற ஏலாது, வட்டிக்காரனை மாற்ற ஏலாது. எண்ணத்தை மாற்றலாம்தானே! எல்லாப் பூட்டுக்கும் திறப்பு உன்னுடைய கையில்தான் இருக்கிறது என்று சொன்னால், ஒரு திறப்பும் இல்லாதவன்தான் முதலில் நம்புவான்.

பேசியவர் லண்டனிலிருந்து வந்தவர். கோட்டு, சூட்டு, நெற்றியில் விபூதி. இரண்டு நாள், 350 யூரோ. சீட்டு எடுத்த காசில் கட்டினேன். கண்ணை மூடச் சொன்னார், மூடினோம். "நான் ஒரு பணக் காந்தம்" என்று 108 தரம் சொல்லச் சொன்னார், சொன்னோம். ஆசைப்படுகிற பொருளின் படத்தை வெட்டிக் கண்படுகிற இடத்தில் ஒட்டச் சொன்னார். நான் ஒரு சஞ்சிகையிலிருந்து ஒரு சின்ன உணவகத்தின் படத்தை வெட்டினேன். வாசலில் நாலு மேசை, மேலே சிவப்பு நிழல்துணி. அதை அறையில் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். காலையில் எழும்பினால் முதல் கும்பிடு அந்தப் படத்துக்கு. பிள்ளையாருக்குப் பிறகுதான்.

இது ஏதோ எங்கள் முனிவர்கள் சொன்ன இரகசியம் என்றுதான் அவர் சொன்னார். பிறகு தேடி வாசித்தபோதுதான் தெரிந்தது, சரக்கு பெரும்பாலும் அமெரிக்கா. 19ஆம் நூற்றாண்டில் குவிம்பி என்ற மணிக்கூடு செய்கிற ஒருவர், நோய் மனத்தில்தான் இருக்கிறது என்று வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். அந்த வழியில் வந்தவர்கள் நோயிலிருந்து காசுக்குத் தாவினார்கள். 1910 இல் வாட்டில்ஸ் பணக்காரன் ஆவதற்கு ஒரு 'விஞ்ஞானம்' எழுதினார். 1937 இல் நெப்போலியன் ஹில், 1952 இல் பாதிரியார் பீல், 2006 இல் ரோண்டா பைர்னின் 'த சீக்ரெட்'. எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்ததுதான், எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்'. அப்பா சிவப்புப் பேனையால் கோடு போட்டு வைத்திருந்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன். உழைப்பையும் சேர்த்துத்தான் அந்த மனுசன் சொன்னவர்.

பிரான்சுக்காரருக்கும் இப்படி ஒருவர் இருந்திருக்கிறார். எங்கள் குசினியில் (இவர்களுடைய 'குய்சின்'னும் எங்கள் குசினியும் ஒரே வேரில் வந்த சொற்கள்தான்) சனிக்கிழமை இரவு நூற்றைம்பது பேருக்கு முன்பதிவு இருக்கும், இரண்டு பேர் வேலைக்கு வந்திருக்கமாட்டார்கள். நான் "எல்லாம் சரி வரும் செஃப்" என்பேன். அவர் சிரித்துக்கொண்டு "மெத்தோட் குவே!" என்பார். சும்மா நினைத்துத் தன்னைத்தானே ஏமாற்றுகிறவனைப் பார்த்து இங்கே சொல்கிற பேச்சு அது. எமில் குவே துருவா நகரத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவர், 1926 இல் நான்சியில் இறந்தவர். மருந்தைப் புகழ்ந்து கொடுத்தால் கூடுதலாகக் கேட்கிறது என்பதைக் கடையில் கவனித்திருக்கிறார். அதிலிருந்து, நாளுக்கு நாள் தேறி வருகிறேன் என்ற மாதிரி ஒரு வசனத்தைக் காலையும் இரவும் இருபது தரம் சொல்லச் சொன்னார். எண்ணுவதற்கு இருபது முடிச்சுப் போட்ட கயிறு. எங்கள் உருத்திராக்க மாலைதான்! ஆனால் ஒன்று, அவர் வந்தவர்களிடம் காசு வாங்காமல் பார்த்தவர்.

இனி நான் சொல்ல வந்த விசயம்.

அந்த நாளில் என்னோடு அறையில் ஒரு முல்லைத்தீவுப் பெடியன் இருந்தான். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் தாயையும் தங்கச்சியையும் இழந்தவன். 2010 இல் இங்கே வந்தான். 2013 இலையுதிர் காலத்தில் அவனுடைய மேன்முறையீட்டு முடிவு வந்தது. நிராகரிப்பு. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தான். அப்போதுதான் வேலையால் வந்த நான், சப்பாத்துக் கூடக் கழற்றாமல் சொன்னேன்:

"நீ எப்பவும் எதிர்மறையாத்தான் யோசிக்கிறாய். இல்லையெண்டுதான் வரும் எண்டு நினைச்சுக்கொண்டே போனாய். அதுதான் இல்லையெண்டு வந்திருக்கு."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. கடிதத்தை மடித்து வைத்தான். இரண்டு கிழமையில் வேறு அறை பார்த்துப் போய்விட்டான்.

அதற்குப் பிறகுதான் 'த சீக்ரெட்' தமிழில் என் கைக்கு வந்தது. வேலைக்குப் போகிற மெத்ரோவில் வாசித்துக்கொண்டு போனேன். பெருந்தொகையாகச் சனம் சாகிற சம்பவங்கள் பற்றி ஓரிடத்தில் வருகிறது. செத்தவர்களின் எண்ண அலை அந்தச் சம்பவத்தோடு பொருந்தியிருந்தது என்பதுதான் அந்த அம்மாவின் விளக்கம். அவர்கள் அந்தச் சம்பவத்தையே நினைத்திருக்க வேண்டியதில்லையாம். பயமும், தன்னால் ஒன்றும் ஏலாது என்ற உணர்வும் மனத்தில் இருந்தால் போதுமாம். நான் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

பங்கருக்குள் பிள்ளையை அணைத்துக்கொண்டு கிடந்த தாய்க்குப் பயம் இல்லாமல் என்ன இருக்கும்? அவள் பிழைக்கவேணும், பிள்ளை பிழைக்கவேணும் என்பதைத் தவிர வேறு எதை நினைத்திருப்பாள்? எண்ணம்தான் செல்வத்தைக் கொண்டு வருகிறது என்றால், எண்ணம்தான் செல்லையும் கொண்டு வந்தது என்று சொல்லியே ஆகவேண்டும். பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு மிச்சத்தைக் கடையிலேயே விட்டுவர முடியாது. மண்டபத்தில் விபூதியோடு நின்றவர் அந்த மிச்சத்தைச் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெடியனின் முகத்துக்கு நேரே.

இதில் இன்னொன்று. எனக்கு 2015 இல் கார்ட் கிடைத்தது. பிரபஞ்சம் தரவில்லை. 2012 நவம்பர் 28 அன்று, அப்போது உள்துறை அமைச்சராக இருந்த மனுவேல் வால்ஸ் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார். பொதுவாக ஐந்து வருசம் இங்கே இருந்திருக்கவேண்டும், கடைசி இரண்டு வருசத்தில் எட்டு மாதமோ ஐந்து வருசத்தில் முப்பது மாதமோ வேலை செய்த சம்பளச் சிட்டை காட்டவேண்டும், முதலாளி வேலை தருவதாக எழுதித் தரவேண்டும். என் முதலாளி என் பேரிலேயே சிட்டை போட்டவர். நான் அவற்றை ஒரு பிஸ்கற் பேணிக்குள் போட்டு வைத்திருந்தேன். அந்தப் பேணிதான் எனக்குக் குபேரன். (அந்தச் சுற்றறிக்கையும் இப்போது இல்லை. 2025 ஜனவரியில் எடுத்துவிட்டு, ஏழு வருசம் என்று இறுக்கிவிட்டார்கள்.)

அந்தப் பெடியனுக்கு அப்போது மூன்று வருசம்தான். "இன்னும் இரண்டு வருசம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இரடா, சிட்டை தருகிற இடமாப் பார்த்து வேலை எடு, ஒரு துண்டையும் எறியாதை" என்று சொல்லியிருக்கவேண்டிய இரவு அது. எனக்கு அந்தச் சுற்றறிக்கை பற்றித் தெரியும். தெரிந்தும் எண்ண அலை பற்றிக் கதைத்தேன்.

காப்ரியேல் எட்டிங்கன் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். பல்கலைக்கழகம் முடித்து வேலை தேடுகிறவர்களிடம், வேலை கிடைப்பதாக எவ்வளவு தரம் இனிய கற்பனை வருகிறது என்று கேட்டு வைத்து, இரண்டு வருசம் கழித்துத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். 2002 இல் வெளிவந்த ஆய்வு. கூடுதலாகக் கற்பனை செய்தவர்கள் குறைவாகத்தான் விண்ணப்பம் போட்டிருந்தார்கள், குறைவாகத்தான் வேலையும் சம்பளமும் கிடைத்திருந்தது. ஆனால் 'என்னால் ஏலும்' என்று எதிர்பார்ப்பு வைத்தவர்கள் நன்றாகச் செய்திருந்தார்கள். கற்பனை வேறு, எதிர்பார்ப்பு வேறு. செய்து பழகின கைக்குத்தான் அந்த எதிர்பார்ப்பு வரும். நான் கோப்பை கழுவுகிற தொட்டியிலிருந்து அடுப்புக்கு வந்ததும் அப்படித்தான். மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் எல்லாரும் நித்திரை கொள்ள, செஃப் எனக்கு வெங்காயம் வெட்டவும் சோஸ் கிண்டவும் காட்டித் தந்தார். படத்தைக் கும்பிட்டதால் வெங்காயம் வெட்டுப்படவில்லை.

இதை வாசித்துவிட்டு, சாமி கும்பிடுவதையும் பிழை என்கிறான் என்று நினைக்கவேண்டாம். ஆவணி, புரட்டாசியில் மாணிக்கப் பிள்ளையார் தேர் வந்தால் இப்போதும் லீவு கேட்டுப் போய்த் தேங்காய் உடைக்கிறேன். விசா இல்லாத அந்த ஏழு வருசமும் என்னைப் பைத்தியம் பிடிக்காமல் வைத்திருந்தது கோயிலும் அம்மாவின் தொலைபேசியும்தான். ஆனால் அம்மா ஒருநாளும் "கும்பிடு, காசு வரும்" என்று சொன்னதில்லை. "கும்பிட்டிட்டு வேலைக்குப் போ" என்றுதான் சொன்னவ. சின்னனில் அவ சொன்ன கதை இளையான்குடி மாறநாயனார் கதை. வந்தவர்களுக்குச் சோறு போட்டே ஏழையாகிப் போன மனுசன். மழை இரவில் ஒரு அடியார் பசியோடு வர, வயலில் விதைத்த நெல்லையே அள்ளிக்கொண்டு வந்து, வீட்டுக் கூரைத் தடியை விறகாக்கிச் சமைத்துப் போட்டவர். அவருக்குக் கடைசியில் குபேரன் ஏவல் செய்தான் என்று வரும். அதுவும் இந்த உலகத்தில் இல்லை, சிவலோகத்தில். பயிலரங்குக்காரர் இந்தக் கதையை எடுத்தால் குபேரன் வருகிற இடத்தை மட்டும் சொல்லுவார் என்று நினைக்கிறேன்.

2020 மார்ச் 14 நள்ளிரவோடு உணவகங்களைப் பூட்டினார்கள். எனக்கு ஒப்பந்தம் இருந்தபடியால் அரசாங்கம் சம்பளத்தில் 84 வீதம் தந்தது. விசா இல்லாத பெடியளுக்கு ஒன்றுமில்லை. லண்டன்காரர் அப்போது சூம் வழியாக வகுப்பு நடத்தினார், கொரோனாவுக்குள்ளும் செல்வத்தை ஈர்க்கலாம் என்று. அறையில் சும்மா இருந்த அந்த நாட்களில்தான் அங்கே இங்கே விசாரித்து முல்லைத்தீவுப் பெடியனின் இலக்கத்தை எடுத்தேன். லியோனில் இருக்கிறான், வெதுப்பகத்தில் வேலை. 2017 இல் கார்ட் கிடைத்ததாம், சிட்டை காட்டித்தான். யாரோ ஒரு மொறோக்கோக்காரர் சொல்லிக் கொடுத்தாராம்.

அன்றைக்கு அப்படிச் சொன்னது பிழை என்று சொன்னேன். "எதை அண்ணை? நான் அப்பவே மறந்திட்டன்" என்றான். கொஞ்ச நேரம் மனிசி பிள்ளைகள் பற்றிக் கதைத்தோம். வைக்கப் போகிற நேரத்தில் கேட்டான்:

"அந்தச் சிவப்புத் துணி போட்ட கடையிட படம் இன்னும் ஒட்டிக் கிடக்கோ அண்ணை?"

"இல்லையடா, கழட்டிப்போட்டன்" என்றேன்.