ரேடியேட்டர் ஜில்லுன்னு இருக்கா? பர்ஸை அப்புறம் திறங்க!

இங்கிலாந்துல குளிர்காலம் ஆரம்பிச்சா நம்ம மக்கள்கிட்ட ஒரே புலம்பல்தான். "வீடெல்லாம் சூடா இருக்கு, குழந்தை ரூம் ரேடியேட்டர் மட்டும் ஜில்லுன்னு கிடக்குங்க. ஆளைக் கூப்பிட்டேன். பவர் ஃப்ளஷ் பண்ணணுமாம், நூத்துக்கணக்குல பவுண்டு ஆகுமாம்."

அந்த ஆள் ரேடியேட்டரைத் தொட்டாவது பார்த்தாரா? நான் விசாரிச்ச வரைக்கும் இல்லை. அதான் எரிச்சலே!

ராத்திரி 2 மணிக்கு சர்வர் படுத்துக்கிச்சு. லாக்கைப் பார்க்காமலே ஒருத்தர் வந்து "எல்லாத்தையும் ஃபார்மேட் பண்ணிடலாம்"னு சொன்னா விடுவோமா? ஆபீஸ்ல அவ்வளவு கேள்வி கேக்கற நாம, வீட்டுல மட்டும் ஏன் வாயை மூடிக்கிட்டு கார்டை நீட்டறோம்?

ரேடியேட்டருக்கு லாக் ஃபைல் உங்க உள்ளங்கைதான். பாய்லரை ஓடவிட்டு, ஜாக்கிரதையா தொட்டுப் பாருங்க.

1. மேல ஜில்லு, கீழ சூடு: உள்ள காத்து அடைச்சிருக்கு. ஹீட்டிங்கை நிறுத்தி ஆற விடுங்க. மேல் ஓரத்துல இருக்கற சின்ன திருகை அதுக்கான சாவியால மெதுவா திருப்புங்க. 'உஸ்ஸ்'னு காத்து போய், தண்ணி எட்டிப் பார்த்ததும் மூடிடுங்க. சாவி விலை சில பவுண்டுதான். அப்புறம் பாய்லர்ல பிரஷர் பாருங்க. காம்பி பாய்லர்னா, ஆறியிருக்கும்போது பொதுவா 1லேர்ந்து 1.5 பார் இருக்கணும். மாசாமாசம் காத்து சேர்ந்தா, எங்கயோ கசிவு அல்லது துரு. அப்ப ஆளைக் கூப்பிடறது நியாயம்.

2. மேல சூடு, கீழ நடுவுல ஜில்லு: இதுதான் சகதி. இரும்பு அரிச்சு வர்ற கறுப்புத் துரு, அடியில படிஞ்சிருக்கு. ஒரே ஒரு ரேடியேட்டர்னா அதை மட்டும் கழட்டி, தோட்டத்துல ஹோஸ் வெச்சு கழுவலாம். பல ரேடியேட்டர் இப்படி இருந்தாத்தான் பவர் ஃப்ளஷ் பத்திப் பேசணும்.

3. மொத்தமும் ஜில்லு, மத்த ரூமெல்லாம் சூடு: நம்பர் போட்ட வால்வு தலையைக் கழட்டுங்க. உள்ள ஒரு சின்ன ஊசி இருக்கும். விரலால அமுக்கினா தானா எழும்பணும். கோடையெல்லாம் மூடியே கிடந்து சிக்கியிருந்தா, லேசா அமுக்கி அமுக்கி விடுங்க. கொறடு போட்டு இழுக்காதீங்க, தண்ணி பீச்சி அடிக்கும்! எதிர்ப் பக்க வால்வும் திறந்திருக்கான்னு பாருங்க.

4. பாய்லர் பக்கத்துல கொதிக்குது, கடைசி ரூம்ல வெதுவெதுப்பு: பக்கத்துல இருக்கறது தண்ணியெல்லாம் உறிஞ்சிக்குது. அதோட எதிர்ப் பக்க வால்வைக் கொஞ்சம் கொஞ்சமா குறைங்க. பொறுமை வேணும், பணம் வேணாம்.

இதுல எதுக்குங்க எடுத்த எடுப்புலயே பவர் ஃப்ளஷ்?

"வாடகை வீடு, நமக்கேன் வம்பு"ம்பாங்க. அப்படின்னா சொந்தக் காசை ஏன் எடுக்கறீங்க? இங்கிலாந்துல சாதாரண வாடகைக்கு, 1985 வருஷத்து லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டம் 11-வது பிரிவுப்படி, ஹீட்டிங்கை ரிப்பேர் பண்ணி வெச்சுக்கறது வீட்டுக்காரர் பொறுப்பு. "மேல சூடு, கீழ ஜில்லு, இத்தனை நாளா"ன்னு மெயில் போடுங்க. 'ஹீட்டர் சரியில்லை'ன்னு ஒத்தை வரி போட்டா ஏஜென்ட் இழுத்தடிக்க வசதியாப் போயிடும்.

இன்னொரு கோஷ்டி: "நாங்க இஞ்சினியர்ங்க, பிளம்பர் இல்ல." இந்த கெத்துதான் காசைக் கறக்கறவனுக்கு முதலீடு. கை அழுக்காகற வேலைன்னா நமக்கு இளக்காரம். அந்த இளக்காரத்துக்கு விலை, குழந்தை ஸ்வெட்டரோட தூங்கறது. குளிர்ந்த சுவத்துல ஈரம் பூத்து பூஞ்சை வர்றது.

நல்ல பிளம்பர்களைக் குறை சொல்லலை. நல்லவர் முதல்ல தொட்டுப் பார்ப்பார், அப்புறம்தான் விலை சொல்லுவார். தொடாம விலை சொல்றவருக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பிடுங்க.

டிஸ்கி: மேல சொன்னதெல்லாம் தண்ணி பக்கம் மட்டும். எல்லா ரேடியேட்டரும் ஜில்லுன்னா தெர்மோஸ்டாட், டைமர், பிரஷர் மூணையும் பாருங்க, அதோட நிறுத்திக்குங்க. பாய்லர் மூடியைக் கழட்டாதீங்க. கேஸ் வேலைக்கு கேஸ் சேஃப் பதிவு உள்ளவங்கதான் வரணும். வந்ததும் அட்டையை வாங்கிப் பாருங்க, தப்பே இல்லை.