தரை ஏன் பிளக்கிறது?

புதிதாய் இட்ட சீமெந்து முற்றம் பிளந்ததும் மேசனை ஏசுவது நம் வழக்கம். பிளவு இருவகைப்படும் என்பதை இல்லத்தரசிகள் அறிதல் நலம்.

முதல்வகை கலவையின் குணத்தால் வருவது. சீமெந்துக் கலவை உலரும்போது சிறிது சுருங்கும். அடியிலுள்ள நிலம் அதனைச் சுருங்கவிடாது பற்றுவதால் பிளக்கும். பரப்புவது எளிதாகட்டும் என்று தண்ணீரை மிகுதியாய் ஊற்றினால் சுருக்கமும் மிகும். மொனராகலையின் வெயிலும் காற்றும் மேற்பரப்பை விரைந்து உலர்த்துவன. ஆதலின் 7 நாட்களேனும் ஈரச்சாக்கு விரித்து நனைத்தல் வேண்டும். 4 அங்குலக் கனமுள்ள தளத்தில் 10 அடிக்கு ஒன்றாக, ஓர் அங்குல ஆழத்தில் கோடு வெட்டிவிட்டால், பிளவு அக்கோட்டுக்குள் அடங்கும்.

மற்றது நிலம் தாழ்வதால் வருவது. இதற்குச் சான்று தொலைவில் இல்லை. 2014 டிசெம்பரில் உமா ஓயாத் திட்டச் சுரங்கத்துள் நிலத்தடி நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின; நீர் வடிந்த மண் அமிழ, தரைகளும் சுவர்களும் வெடித்தன. 2017 ஜூனில் மக்கள் வீதிக்கு வந்து நீதி கேட்டனர். 2024 ஏப்ரலில் திறக்கப்பட்ட அத்திட்டம், மின்சாரத்தோடு நம் மொனராகலை வயல்களுக்கு நீரும் தர எழுந்தது. வாய்க்காலில் நீரைக் காணும்போது மேலே வெடித்த வீடுகளை நாம் மறத்தலாகாது.

பிளவின் இரு நுனியிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி குறியுங்கள். மாதங்கள் சென்றும் நீளாத மெல்லிய கீறலுக்கு அஞ்சவேண்டியதில்லை. நீண்டாலோ, ஒருபுறம் தாழ்ந்தாலோ, நகர்வது நிலம், பூசி மறைக்காதீர்கள். மலைச்சரிவில் அமைந்த வீடாயின் அன்றே கிராம சேவகருக்கு அறிவியுங்கள்.