நெஞ்சுவலியும் ‘ஒன்றுமில்லை’ என்னும் விடையும்

‘நெஞ்சு’ என்னும் தமிழ்ச்சொல் மார்பையும் குறிக்கும், மனத்தையும் குறிக்கும். திருக்குறளின் காமத்துப்பாலில் ‘நெஞ்சொடு கிளத்தல்’, ‘நெஞ்சொடு புலத்தல்’ என இரண்டு அதிகாரங்கள் உள்ளன. அவற்றில் நெஞ்சு, விளித்துப் பேசப்படும் ஒன்றாக நிற்கின்றது. நம் இல்லங்களில் வழங்கும் ‘கல்பு’ என்னும் அரபுச் சொல்லும் இதயத்தையும் உள்ளத்தையும் ஒருங்கே சுட்டும். உடலும் உள்ளமும் கூடுமிடம் நெஞ்சு என்பதை இவ்விரு மொழிகளும் அறிந்திருந்தன. ஆயினும், நெஞ்சுவலியோடு மருத்துவமனைக்குச் சென்ற ஒருவர், ‘சோதனைகள் யாவும் சீராக உள்ளன’ என்னும் தாளோடு திரும்பும்பொழுது நாம் அவ்வறிவை மறந்துவிடுகின்றோம். ‘ஒன்றுமில்லையாம்’ என்று கூறி அமைகின்றோம். வலியோ அமைந்தபாடில்லை.

காரைக்கால்மேடு போன்ற கடலோர ஊரில் இதன் சுமை பெரிது. ஆடவர் கடலில் வலை இழுப்பவர். பெண்டிர் மீன்கூடை சுமப்பவர். நெஞ்சு வலித்தால் அன்றைய வருவாய் இல்லை. நடுக்கடலில் வலித்தாலோ கரைசேரும்வரை அச்சமே துணை. வீடு திரும்பியவரை ஊர் எவ்வாறு நோக்குகின்றது? ஆணாயின் கோழை என்கின்றது. பெண்ணாயின் வேலைக்கு அஞ்சிய பாசாங்கு என்கின்றது. சிலர் கண்ணேறு என்கின்றனர். வலியினும் கொடிது இப்பழி.

சோதனை சொல்வது என்ன?

ஒவ்வொரு சோதனையும் தனக்குரிய வினாவிற்கே விடை தரும். இ.சி.ஜி. அந்நேரத்து மின்னோட்டத்தைக் காட்டும். எக்கோ, இதயத்தின் அசைவையும் வால்வுகளையும் காட்டும். ஆஞ்சியோகிராம் பெரிய இரத்தக்குழாய்களின் அடைப்பைக் காட்டும். இவை சீராக இருத்தல் மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், ‘இதயத்தில் பெருங்குறை காணப்படவில்லை’ என்பது வேறு. ‘வலியே இல்லை’ என்பது வேறு. முன்னதைக் கேட்டுப் பின்னதை முடிவுகட்டுவது நமது பிழை.

இதயமன்றி வேறு பலவும் நெஞ்சில் வலி தரும். இரைப்பை அமிலம் உணவுக்குழாயில் மேலேறினால் நெஞ்சு எரியும். சிலபோது இறுக்கவும் செய்யும். விலா எலும்பு மார்பெலும்போடு கூடும் குருத்தெலும்பு அழன்றால் தொட்டாலே நோகும். சுமை தூக்குவோர்க்கும் வலை இழுப்போர்க்கும் மார்புத்தசை நோவது இயல்பே. திடீரெனப் பேரச்சம் தாக்கும் நிலையில் மூச்சு விரைந்து, நெஞ்சு அடைத்து, சாவே வந்ததெனத் தோன்றும். இன்னும் ஒன்று: ஆஞ்சியோகிராமில் தெரியாத நுண்குழாய்களின் குறையாலும் வலி வரலாம், பெண்களிடம் இது மிகுதி. ஆதலின் வலி தொடருமாயின் மீண்டும் மருத்துவரை நாடிக் கேட்பதே முறை.

வரலாறு காட்டும் சான்று

அமெரிக்க உள்நாட்டுப் போரில் நெஞ்சுவலியும் படபடப்பும் கொண்ட போர்வீரர் பலரை ஆராய்ந்த டா கோஸ்டா என்னும் மருத்துவர், 1871இல் அவர்தம் நிலையை விரிவாக எழுதினார். இதய உறுப்பில் நோய் தென்படாதபோதும் அவர்களைப் பொய்யர் என்று அவர் தள்ளவில்லை. அவருக்கு எண்ணூறு ஆண்டுகட்கு முன் வாழ்ந்த இப்னு ஸீனா (980–1037), இதய மருந்துகளைப் பற்றித் தனிநூல் இயற்றியவர். மகிழ்ச்சியும் துயரும் இதயத்தோடு கொண்ட தொடர்பை அவர் விளக்கினார்; நாடியைப் பிடித்தே உள்ளத்து ஏக்கத்தை அறியும் வழியையும் உரைத்தார்.

மீனவர்க்கு எளிதில் விளங்கும் சான்றும் ஒன்றுண்டு. பேருந்துயரோ பேரதிர்ச்சியோ தாக்கும்போது இதயத்தின் ஓர் அறை தற்காலிகமாக உப்பி வலுவிழப்பதை 1990இல் ஜப்பானிய மருத்துவர் விவரித்தனர். அவ்வடிவம் பேய்க்கணவாய் பிடிக்கும் பானையை ஒத்திருந்தமையால் அப்பானையின் பெயராகிய ‘டாகோட்சுபோ’ என்பதையே அதற்கு இட்டனர். இந்நோயில் இ.சி.ஜி.யும் எக்கோவும் மாற்றத்தைக் காட்டும். ஆயினும் வலிக்குக் காரணமான குழாய் அடைப்பு இராது. 2004 அக்டோபர் 23இல் நீகாட்டாப் பகுதியில் நேர்ந்த நிலநடுக்கத்தின்பின் அங்கு இந்நோய் மிகுந்தது. துயர் உடலைத் தாக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அதே ஆண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை காரைக்கால்மேட்டையும் தாக்கியது. கடலுக்கு உறவுகளைப் பறிகொடுத்துவிட்டு, மறுபடியும் அக்கடலையே நம்பி வாழும் மக்கள் நெஞ்சில் கைவைத்து ‘வலிக்கிறது’ என்றால், அதைக் கற்பனை என்று ஒதுக்க எவர்க்கு உரிமையுண்டு?

செய்யத்தக்கன

வலியுற்றோர் அடுத்தடுத்து ஊர் மாறி, சோதனை மாறி, கடன்பட்டு அலைவது தீர்வன்று. அஞ்சி முடங்குவதும் தீர்வன்று. எந்நேரம் வலித்தது, என்ன உண்டபின், எவ்வேலையின்போது, எக்கவலையின்போது என்று குறித்து வைத்து ஒரே மருத்துவரிடம் காட்டுதல் நன்று. இரவுணவை முன்னரே உண்ணுதல், புகையிலையை விடுதல், அச்சம் எழும்போது மூச்சை மெல்ல விடப் பழகுதல், மருத்துவர் இசைவோடு நாள்தோறும் நடத்தல் ஆகியன பயன் தரும். மனநல மருத்துவரை நாடுவதில் இழிவு இல்லை; எண்ணப்போக்கைச் சீர்செய்யும் உளவியல் சிகிச்சையால் இவ்வலி தணிந்தோர் உளர்.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. வலி புதிதாக மாறினாலும், வியர்வை, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றோடு வந்தாலும், கைக்கோ தாடைக்கோ பரவினாலும், ஓய்ந்திருந்தும் நீங்காவிடினும் உடனே 108ஐ அழைத்தல் வேண்டும். பழைய தாள் புதிய வலிக்குக் காப்பு ஆகாது.

மருத்துவர்க்கும் ஒரு விண்ணப்பம். ‘ஒன்றுமில்லை’ என்ற ஒற்றைச் சொல்லோடு அனுப்பாமல், ‘இன்னது இல்லை, இன்னதாக இருக்கலாம், இனி இவ்வாறு செய்க’ என மூன்று தொடர் மொழிந்தால் பாதி நோய் அங்கேயே தணியும்.

ஓர் உறுப்பு நோவுறின் உடல் முழுதும் உறக்கமின்றிக் காய்ச்சலுறும். நம்பிக்கையாளர் சமுதாயமும் அத்தகையதே என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அண்டை வீட்டார் நெஞ்சு நோகும்போது, தாளைப் பார்த்து அமையாமல் அவர் முகத்தைப் பார்த்து, அருகமர்ந்து கேட்போமாக. கேட்கும் செவியும் ஒரு மருந்தே.