அடைத்த கதவும் அருளே

அட்சய திருதியை நெருங்கும் நாட்களில் காசிமேடு, இராயபுரம், திருவொற்றியூர் வட்டாரத்து இல்லங்களிலும் வடநாட்டு யாத்திரைப் பேச்சு எழும். கேதாரத்தையும் பதரியையும் ஒருமுறையேனும் கண்ணாரக் கண்டுவிட வேண்டும் என்பது முதியோர் பலரின் நெடுநாள் விருப்பம். கோலூன்றித் தளரும் பருவம் வருமுன்பே பதரியை வணங்குமாறு திருமங்கையாழ்வாரும் தம் நெஞ்சுக்கு அறிவுறுத்தினார். ஆதலால் வயது ஏற ஏற அவ்விருப்பம் தவிப்பாகவே மாறிவிடுகிறது. ஆனால் அம்மலைகளுக்குச் செல்லத்தக்க காலத்தை அறிவதோடு, செல்லலாகாத காலத்தையும் அறிந்திருத்தல் வேண்டும்.

சென்னையில் பனி என்பது மார்கழி விடியலில் உடலைச் சிலிர்க்க வைக்கும் ஈரம். இமயத்திலோ அது பெருஞ்சுமை. ஒவ்வொரு முறை பொழியும் பனியும் முன்பு பெய்ததன்மீது ஓர் அடுக்காகப் படிகிறது. காற்றடித்து இறுகிய பனி, ஒரு கன மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேலும் எடை கொள்ளும். கடுங்குளிரில் அடியிலுள்ள அடுக்கு சில வேளைகளில் சர்க்கரையைப் போல ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாகிவிடும். அதன்மேல் புதுப்பனி ஏறினால், பிடிப்பிழந்து மேலடுக்கு முழுவதும் பாளமாக வழுக்கி இறங்கும். இதுவே பனிச்சரிவு. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த மலைப்பக்கங்களில் இவ்வாபத்து மிகுதி. ஒரு மனிதரின் எடையே அப்பாளத்தை அசைத்துவிடக்கூடும். வெயில் ஏறிய பின் பனி நீரூறித் தளர்ந்தும் சரியும். புதையுண்டவரை முதல் கால் மணி நேரத்துக்குள் வெளியே எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

2025 பிப்ரவரி 28 அன்று காலையில், பதரிநாத்துக்கு அருகிலுள்ள மாணாவில் எல்லைச் சாலைகள் அமைப்பின் பணியாளர் முகாமைப் பனிச்சரிவு மூடியது. 54 தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டனர். இராணுவத்தினரும் மற்ற மீட்புப் படையினரும் பாடுபட்டு 46 பேரைக் காப்பாற்றினர். 8 பேர் உயிரிழந்தனர். அந்நாளில் பதரியில் யாத்திரிகர் கூட்டம் இல்லை. குளிர்காலத்துக்காகக் கோயில் நடை முந்தைய நவம்பரிலேயே அடைக்கப்பட்டிருந்தது.

நடை அடைக்கும் அவ்வழக்கத்தில் முன்னோரின் பேரறிவு விளங்குகிறது. மாணா கிராமத்துப் பெண்கள் நெய்த கம்பளியில் நெய் தோய்த்துப் பதரி நாராயணருக்குப் போர்த்தி நடை சாத்துவர். கேதாரநாதரின் உற்சவ மூர்த்தி உகிமடத்து ஓங்காரேசுவரர் ஆலயத்துக்கு எழுந்தருள்வார். பதரியில் ஆறு மாதம் மானிடர் பூசை, ஆறு மாதம் தேவர் பூசை என்பது ஐதிகம். பக்தருக்கு வழி ஆகாத காலத்தில் இறைவனே அவர்களுக்காக இறங்கி வருகிறான் என்று கொள்வது பொருந்தும்.

நடை திறந்த பின்னும் உயர்ந்த சரிவுகளில் பனி எஞ்சியிருக்கும். 2023 மே மாதத் தொடக்கத்தில் கேதாரநாத் நடைபாதையில் பனி சரிந்து விழ, யாத்திரை சில நாள் தடைபட்டது. சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. இத்தகைய எச்சரிக்கை வந்து அதிகாரிகள் வழியை நிறுத்தும்போது, "இவ்வளவு தொலைவு வந்துவிட்டுத் திரும்புவதா?" என்று மனம் கலங்கும். அந்த நேரத்தில்தான் யாத்திரிகருக்கு நிதானம் வேண்டும்.

காசிமேட்டு மீனவர்க்கு இது புதிதன்று. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் படகுகள் கரையிலேயே நிற்கும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. கடலையே நம்பி வாழ்வோர் கரையில் காத்திருப்பதை அச்சம் என்று எவரும் சொல்வதில்லை.

யாத்திரை செல்வோர் பயணத் திட்டத்தில் இரண்டு மூன்று நாட்களைக் கூடுதலாக ஒதுக்கிக்கொள்வது நலம். மலையேற்றத்தை முற்பகலிலேயே முடித்துக்கொள்ளவேண்டும். பனி வழிந்த ஓடைகளைக் கடக்கும் இடத்தில் நின்று இளைப்பாறுதல் கூடாது. மூத்தோர் தம் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஏற்ற அறிவுரையை மருத்துவரிடம் முன்பே பெறுதல் வேண்டும்.

கயிலை காணப் புறப்பட்ட திருநாவுக்கரசர் கால் தேய, கை தேய, மார்பு தேய ஊர்ந்தும் மலையை எட்டவில்லை. இறைவன் அவரைத் திரும்பச் செய்து, திருவையாற்றிலேயே கயிலைக் காட்சி அருளினான். திருஞானசம்பந்தர் கேதாரத்தைப் பாடியது திருக்காளத்தியில் இருந்தவாறே. சுந்தரரும் அங்கிருந்தே கேதாரத்தைப் பாடி, பின்னர் திருவொற்றியூர் வந்து சேர்ந்தார் என்கிறது பெரிய புராணம். மலைவழி மூடியதால் திரும்பி வந்தவரின் யாத்திரை குறைபட்டது என்று எண்ண வேண்டியதில்லை. கேதாரத்தை நினைந்து ஒற்றியூர்ச் சந்நிதியில் ஏற்றும் விளக்கையும் அவ்விறைவன் ஏற்றுக்கொள்வான்.