எகானமி இல்லாத விமானம்

சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்ல இருந்து நியூயார்க் ஜேஎஃப்கே ஏர்போர்ட்டுக்கு எவ்வளவு தூரம்னு தேடிப் பாருங்க. சுமார் 15,300 கிலோமீட்டர்னு வரும். மணிக்கு 900 கிலோமீட்டர்னு வகுத்தா 17 மணி நேரம். நம்ம கணக்கு அதோட முடிஞ்சிடும்.

ஆனா டிக்கெட் எடுக்கப் போனா, அந்தத் தூரத்துக்கு ரெண்டு விடை இருக்கு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட நேரடி விமானம் 18 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல எடுத்துக்கும். அதே கம்பெனியோட இன்னொரு விமானம் ஃப்ராங்ஃபர்ட்ல நின்னு போகும். அதுக்கு சுமார் 23 மணி நேரம்.

ரெண்டும் பறக்குற வேகம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். 1958-ல பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 707-கூட ஏறக்குறைய இதே வேகத்துலதான் பறந்துச்சு. அப்போ மிச்சமாகிற நேரம் எங்கிருந்து வருது? நடுவுல நிக்காம போறதுல இருந்து. நிக்காம போகணும்னா மொத்த எரிபொருளையும் முதல்லயே ஏத்திக்கணும். அந்த எரிபொருளைச் சுமக்கவே கொஞ்சம் எரிபொருள் செலவாகும். இதுக்காகவே வந்த ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். சாதாரண ஏ350-900-ஐ விட 24,000 லிட்டர் அதிகம்.

எடை எங்கயாவது குறையணும் இல்லையா? குறைஞ்சது ஆட்கள். இந்தக் கம்பெனியோட வழக்கமான நெடுந்தூர ஏ350-900-ல 253 சீட். யுஎல்ஆர்-ல 161 சீட்தான்: பிசினஸ் கிளாஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி ஒண்ணுகூட கிடையாது. எகானமில போகணும்னா ஃப்ராங்ஃபர்ட் வழியாத்தான் போகணும்.

அதாவது தூரம் எல்லாருக்கும் ஒண்ணு. பயண நேரம் மட்டும் பர்ஸைப் பொறுத்தது.

"இது வியாபாரம், இதுல என்ன தப்பு?"ன்னு நீங்க கேக்கலாம். தப்புன்னு நானும் சொல்லல. அவ்வளவு எரிபொருளுக்கான காசை 161 பேர்கிட்ட இருந்து எடுக்கணும்னா டிக்கெட் விலை ஏறத்தான் செய்யும். எனக்கு உறுத்துறது, இதைக் காட்டி "உலகம் சுருங்கிடுச்சு"ன்னு பொதுவா சொல்றதுதான். யாருக்குச் சுருங்குச்சு? அடுத்த வருஷம் எம்எஸ் படிக்க ரெண்டு பெட்டியோட கிளம்பப் போற நம்ம கிளாஸ்மேட்ஸ் பலருக்கு, நடு ராத்திரில ஏதோ ஒரு ஏர்போர்ட் நாற்காலில காத்திருக்கிறது இன்னும் போகல.

நாமளும் இதே பழக்கத்துலதான் இருக்கோம். புராஜெக்ட் ரிவ்யூல முதல் ஸ்லைடே "எவ்வளவு வேகம், எவ்வளவு துல்லியம்"தான். அந்த நம்பரை எட்டுறதுக்காக விலை எவ்வளவு ஏறுச்சு, அதனால யார் வெளிய நின்னாங்கன்னு எந்த ஸ்லைடும் சொல்றதில்ல. யுஎல்ஆர் அருமையான இன்ஜினியரிங், சந்தேகமே இல்ல. ஆனா அடுத்த ரிவ்யூல யாராவது "எங்களோடதுதான் வேகமானது"ன்னு சொன்னா, கை தூக்கி ஒரு கேள்வி கேளுங்க: இதுல எகானமி சீட் இருக்கா?