தெரிந்துகொள்ள மறுக்கும் சட்டம்

அமெரிக்காவில் துப்பாக்கிச்சூடு ஒன்று செய்தியாகும்போதெல்லாம் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் காதில் விழுகின்றன. நம்மவர்கள் சொல்வது: ‘அங்கே துப்பாக்கிக்குச் சட்டமே கிடையாது.’ அந்நாட்டின் துப்பாக்கி ஆதரவாளர்கள் சொல்வது: ‘இருக்கிற சட்டங்களே தாராளம், அவற்றை ஒழுங்காக அமல்படுத்தினால் போதும்.’ முதலாவது வெறும் அறியாமை. நாலு பக்கம் படித்தால் தீர்ந்துவிடும். இரண்டாவதைத்தான் நான் மறுக்க விரும்புகிறேன். ஏனெனில் அந்தச் சட்டங்களில் பல, அமல்படுத்த இயலாதபடி திட்டமிட்டு எழுதப்பட்டவை. அதை எழுத வைத்தவர்களே ‘அமல்படுத்துங்கள்’ என்று உபதேசிப்பதுதான் வேடிக்கை.

சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. இயந்திரத் துப்பாக்கிகளைப் பதிவுசெய்யச் சொன்னது 1934ஆம் ஆண்டுச் சட்டம். மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட அதே 1968இல் வந்த சட்டம், யாரெல்லாம் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று பட்டியலிட்டது: ஓராண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றம் புரிந்தவர், மனநிலை காரணமாக ஆபத்தானவர் என்று நீதிமன்றத்தால் தீர்மானிக்கப்பட்டவர், போதைப்பொருள் பழக்கத்தில் இருப்பவர் எனப் பல வகையினர். குடும்ப வன்முறைக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் 1996இல் அதில் சேர்க்கப்பட்டார்கள். உரிமம் பெற்ற வணிகர் ஒவ்வொரு விற்பனைக்கும் முன் வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும் என்றது 1993ஆம் ஆண்டின் பிரேடி சட்டம். இவையெல்லாம் மத்திய அரசு போட்ட தரை. இதன்மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி சுவர் எழுப்பலாம்; எழுப்பாமலும் இருக்கலாம்.

எழுப்பாத மாநிலம் எழுப்பிய மாநிலத்தின் பக்கத்து வீடாக இருப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பிரேடி சட்டம் உரிமம் பெற்ற வணிகரை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. துப்பாக்கி வணிகத்தைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவர், தன் மாநிலத்துக்குள் இன்னொருவருக்கு விற்கும்போது பின்னணிச் சோதனை செய்யுமாறு மத்தியச் சட்டம் கேட்பதில்லை. இல்லினாய் மாநிலத்தில் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதற்கே மாநிலக் காவல்துறையின் அடையாள அட்டை வேண்டும். எல்லையைத் தாண்டி இண்டியானாவுக்குள் நுழைந்தால், தனியார் விற்பனைக்குச் சோதனையே கிடையாது. சிகாகோ காவல்துறை கைப்பற்றிய துப்பாக்கிகளின் மூலத்தைத் தேடிப் பார்த்தபோது, வெளிமாநிலங்களில் முதலிடம் இண்டியானாவுக்கே கிடைத்தது. ‘இத்தனை கடுமையான சட்டம் இருந்தும் சிகாகோவில் கொலைகள் நின்றனவா?’ என்று கேட்பவர்கள் இந்தத் தகவலை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் என் முதன்மையான குற்றச்சாட்டு இது அல்ல. இச்சட்டங்களின் ஆழமான நோய், தெரிந்துகொள்ள மறுப்பது. ஒருவர் தடைப்பட்டியலில் இருக்கிறாரா என்று கேட்கச் சொல்லும் அதே சட்ட அமைப்பு, அதற்கான விடை கிடைக்கும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்து வைத்திருக்கிறது.

1997இல் பிரின்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஒரு தீர்ப்பளித்தது. மாநிலங்களின் அதிகாரிகளை மத்திய அரசு தன் சட்டத்தை நிறைவேற்றும்படி ஏவ முடியாது என்பது அதன் சாரம். கூட்டாட்சித் தத்துவமாகப் பார்த்தால் மதிக்கத்தக்க வாதம்தான். நடைமுறையில் விளைந்தது வேறு: தன் நீதிமன்றங்களின் பதிவுகளை மத்தியச் சோதனை அமைப்புக்கு அனுப்புவதும் அனுப்பாததும் பெரும்பாலும் மாநிலத்தின் மனத்தைப் பொறுத்ததாகிவிட்டது.

இதன் விலையைக் கோபிச்செட்டிபாளையம் அறியும். அந்த ஊர் மண்ணில் பிறந்த நீரியல் பேராசிரியர் ஜி. வி. லோகநாதன், 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று கொல்லப்பட்டவர்கள் 32 பேர். சுட்ட மாணவன் தனக்கே ஆபத்தானவன் என்று 2005 டிசம்பரில் நீதிமன்ற ஆணை ஒன்று கூறியிருந்தது. வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறுமாறும் பணித்திருந்தது. மத்தியச் சட்டப்படி அந்த நாளிலிருந்தே அவன் துப்பாக்கி வாங்கத் தகுதியற்றவன். ஆனால் மருத்துவமனையில் உள்நோயாளியாக அனுமதிக்கப்பட்டவர்களின் பெயர்களை மட்டுமே அனுப்புவது அப்போதைய வர்ஜீனியாவின் வழக்கம். எனவே அவன் இரண்டு முறை சோதனைக்கு உட்பட்டான். இரண்டு முறையும் தேறினான். இரண்டு கைத்துப்பாக்கிகளோடு வெளியே வந்தான். இங்கே இல்லாமற்போனது சட்டமா? ஓர் அரசு அறிந்ததை இன்னோர் அரசு அறியவில்லை, அவ்வளவுதான்.

மாநிலங்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. 2017 நவம்பரில் டெக்சஸின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் 26 உயிர்களைப் பறித்தவன், மனைவியையும் அவளுடைய குழந்தையையும் தாக்கியதற்காக விமானப்படையின் இராணுவ நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டவன். விமானப்படை அந்தத் தகவலை எஃப்.பி.ஐ.க்கு அனுப்பவில்லை. நேர்ந்ததில் 60 சதவீதப் பொறுப்பு அரசுடையது என்று 2021இல் ஒரு மத்திய நீதிபதி தீர்ப்பளித்தார்.

2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பின மக்களைக் கொன்றவனின் விவகாரம் இன்னும் கசப்பானது. சோதனையில் ஐயம் எழுந்து விற்பனை நிறுத்தி வைக்கப்பட்டது. அதிகாரி தவறான காவல் அலுவலகத்தைத் தொடர்புகொண்டதால் விடை கிடைக்கவில்லை. மூன்று வேலைநாட்களுக்குள் விடை வராவிட்டால் வணிகர் விற்கலாம் என்பது மத்தியச் சட்டம். விற்றார். ‘தெரியவில்லை’ என்பதற்கு ‘தடையில்லை’ என்று பொருள் கொள்ளும் சட்டத்தை எப்படி ஒழுங்காக அமல்படுத்துவது? அமல்படுத்தியதால்தானே அந்தத் துப்பாக்கி அவன் கைக்குப் போனது?

இவையாவது கவனக்குறைவு எனலாம். 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அந்தச் சமாதானமும் இல்லை. துப்பாக்கிகளுக்கோ உரிமையாளர்களுக்கோ விற்பனைக்கோ மத்திய அரசு பதிவேடு ஏற்படுத்தக் கூடாது என்று அது வெளிப்படையாகத் தடைசெய்கிறது. விளைவைக் காண மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்குக்குப் போக வேண்டும். கொலை நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கி யாருடையது என்று காவல்துறை கேட்டால், அங்குள்ள மத்திய மையம் முதலில் தயாரிப்பாளரை விசாரிக்கிறது. அவர் மொத்த வியாபாரியைக் காட்டுகிறார். அவர் கடைக்காரரைக் காட்டுகிறார். கடைக்காரர் காகிதக் கட்டுகளைப் புரட்டுகிறார். கடை மூடப்பட்டிருந்தால் அதன் காகிதங்கள் பெட்டி பெட்டியாக மார்ட்டின்ஸ்பர்க்குக்கே வந்து சேர்ந்திருக்கும். அவற்றைக் கணினியில் படமாகச் சேமிக்கலாம். ஆனால் வாங்கியவர் பெயரைக் கொண்டு தேட வழியிருக்கக் கூடாது. சோதனையில் தேறியவரைப் பற்றிய விவரத்தையோ 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும். உலகத்தின் தகவலையெல்லாம் விரல்நுனியில் வைத்திருக்கும் நாடு, இந்த ஒன்றில் மட்டும் தன் கண்ணைத் தானே கட்டிக்கொண்டிருக்கிறது.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை எள்ளி நகையாட மாட்டேன். பதிவேடு இருந்தால் நாளை பறிமுதல் நடக்கும் என்கிறார்கள். அந்நாட்டு வரலாற்றில் இந்த அச்சத்துக்கு வேர் இருக்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பின் தென்மாநிலங்கள் விடுதலை பெற்ற கறுப்பின மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பிடுங்கவே சட்டம் இயற்றின. 1967இல் கலிஃபோர்னியாவில் ஆளுநர் ரீகன் கையெழுத்திட்ட தடை, கருஞ்சிறுத்தைகளை மனத்தில் வைத்தே கொண்டுவரப்பட்டது. ஆனால் இதற்குப் பதில் அவர்கள் சட்டத்திலேயே இருக்கிறது. இயந்திரத் துப்பாக்கிகளுக்கு 1934 முதல் தேசியப் பதிவேடு இருந்துவருகிறது. அதை வைத்து எந்த அரசும் வீடு வீடாகப் புகவில்லை; பதிவான அந்தத் துப்பாக்கிகள் குற்றங்களில் சிக்குவதும் மிக அரிது. தெரிந்து வைத்திருப்பது பறிப்பதாகாது என்பதற்குத் தொண்ணூறாண்டு சாட்சி இது.

இந்தக் குழப்பம் துப்பாக்கி உரிமையாளரையாவது காக்கிறதா? பென்சில்வேனியாவில் முறைப்படி உரிமம் பெற்ற ஓர் இளம் தாய், 2013இல் நியூ ஜெர்சிக்குள் காரோட்டிச் சென்றார். போக்குவரத்துக் காவலரிடம் தன்னிடம் துப்பாக்கி இருப்பதைத் தாமே சொன்னார். பாலத்தைக் கடந்ததும் உரிமம் செல்லாத காகிதமாகிவிட்டிருந்தது. சிறைக்குப் போனார், பல ஆண்டுத் தண்டனையை எதிர்நோக்கினார், 2015இல் ஆளுநரின் மன்னிப்புதான் அவரை மீட்டது. உண்மை சொன்னவர் சிறையில்; பதிவு இல்லாதவன் கடையில். இதற்குப் பெயர் உரிமையா?

உச்ச நீதிமன்றமோ 2022இல் ப்ரூயன் வழக்கில், இன்றைய கட்டுப்பாடு ஒவ்வொன்றுக்கும் வரலாற்றில் இணை தேடச் சொன்னது. அந்த அளவுகோலைக் கையிலெடுத்த கீழ்நீதிமன்றம் ஒன்று, குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணைக்கு உள்ளானவர்களும் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று 2023இல் சொல்லிவிட்டது. 2024இல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் உச்ச நீதிமன்றமே அதைத் திருத்த வேண்டியிருந்தது. பெண்ணை அடிப்பதை ஒரு பொருட்டாகக் கருதாத நூற்றாண்டிடம் அவளைக் காக்கும் வழியைக் கேட்டால் வேறென்ன விடை வரும்?

2023இல் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,000க்கும் மேல். பாதிக்கு மேல் தற்கொலைகள். ஒழுங்கான பதிவேடு இத்தனை பேரையும் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ‘இருக்கும் சட்டத்தை அமல்படுத்துங்கள்’ என்பவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன்: மூன்று நாள் கெடுவை நீக்கச் சம்மதமா? 24 மணி நேர அழிப்பை நிறுத்தச் சம்மதமா? மார்ட்டின்ஸ்பர்க்கில் பெயரைக் கொண்டு தேட அனுமதிப்பீர்களா? சம்மதம் என்றால் நாம் ஒரே பக்கம். இல்லையென்றால், நீங்கள் காக்க நினைப்பது சட்டத்தை அல்ல, அதன் ஓட்டைகளை.